மனை நமது, மரம் யாருடையது?

நம் மனையில், நம் கையால் நட்டு, நீர் வார்த்து வளர்த்த வேம்பு நமக்கு உரியதன்றோ? அதனை வெட்ட அரசின் இசைவு எதற்கு? தில்லியில் வீடு கட்டிக் குடியேறிய நம்மவர் பலர் என்றேனும் ஒருநாள் எழுப்பும் வினா இது. தனியார் நிலத்து மரமாயினும் மர அலுவலரின் அனுமதியின்றி வெட்டலாகாது என்பது 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம்.

சட்டம் இரக்கமற்றதன்று. பட்டுப்போன மரத்துக்கும், உயிருக்கோ உடைமைக்கோ ஊறு விளைக்கும் மரத்துக்கும் அனுமதி மறுக்கலாகாது. பேரிடர் உடனே நேருமெனில், வெட்டிய பின் 24 மணி நேரத்துள் அறிவித்தால் போதும்.

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. நிழலுக்கு அஃது இல்லை. மே மாதத்து அனற்காற்றில் காய்கறி வண்டியைத் தள்ளி வருபவன் நம் வேம்பின் கீழ்த்தான் நின்று வியர்வை துடைக்கிறான். அவன் பெயரில் பத்திரம் ஏதுமில்லை. எனினும் மரம் வீழ்ந்தால் முதல் இழப்பு அவனுடையது. நாமோ அவனைக் கேட்டு வெட்டப் போவதில்லை. அவன் சார்பில் எவரேனும் ஒருவர் கேட்கத்தானே வேண்டும்? இதனால் இச்சட்டத்தின் அடிப்படையை நாம் ஒப்புகிறோம்.

ஆனால் மரத்தைக் காப்பது எவ்வகையிலும் அறமே என்று கொள்ள, சங்க இலக்கியம் பயின்ற நம்மால் இயலாது. ஆற்றில் மிதந்து வந்த தன் மாமரத்துக் காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் நன்னன். ஈடாகத் தர முன்வந்த 81 களிறுகளையும் அவள் நிறைக்கு நிறையான பொற்பாவையையும் அவன் ஏற்றிலன். பரணர் அவனைப் பழித்தே பாடினார். மரம் காத்தான் என்று எவரும் அவனைப் போற்றவில்லை.

இன்றைய சட்டத்தில் அக்கொடுமை இல்லை. சுமை ஒருவன் தலையிலேயே ஏறும் குறை உண்டு. ஒரு மீட்டர் உயரமும், தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில் 5 சென்டிமீட்டர் விட்டமும் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்கு அது மரம். ஆகவே மதிலோரம் முளைத்த அரசங்கன்றைத் தடிக்குமுன்னே பிடுங்கி எறிவோர் உளர். முற்றம் முழுதும் சிமெண்டு பூசியவனிடம் இச்சட்டம் ஒன்றும் கேட்பதில்லை. மரத்தின் வகையும் சுற்றளவும் காரணமும் எழுதிக் கொடுத்து 60 நாள் வரை காத்திருப்பவன், நட்டு வளர்த்தவனே. வேர் பிளந்த சுவரைச் செப்பனிடுபவனும் அவனே.

நிழலில் ஊருக்குப் பங்கு உண்டெனில் கிளை கழிக்கும் கூலியிலும் சுவரின் செலவிலும் பங்கு வேண்டாவா? முதிர்ந்த மரம் ஒன்றுக்கு வீட்டு வரியில் சிறு கழிவு தந்தாலும் தகும். அரசங்கன்றைப் பிடுங்கக் குனிந்த கை சற்றே தயங்கும்.