பத்தாயத்தில் கிடந்த வெள்ளிக்காசுகள் யாருடையவை?

அருமனை – ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



போன வாரம் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் ஒரு தகர டப்பாவோடு வந்தார். வாப்பா வஃபாத்தான பிறகு பழைய வீட்டைப் பிரித்தபோது பத்தாயத்தின் அடியில் கிடந்ததாம். உள்ளே விக்டோரியா ராணி, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள், கூடவே திருவிதாங்கூர்ச் சக்கரங்கள். “ஹஸ்ரத், இது எவ்வளவு போகும்?” என்று கேட்டார். “உங்க லாத்தாவுக்குத் தெரியுமா?” என்று நான் கேட்டேன். மனிதர் டப்பாவை மூடிவிட்டார்.

அந்த மூடிய டப்பாவைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ஸூரத்துன் நிஸாவின் 7ஆவது வசனம் பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்லும் அதே மூச்சில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்கிறது. சொத்து கொஞ்சமாக இருந்தாலும் சரி, அதிகமாக இருந்தாலும் சரி என்றும் சேர்த்துச் சொல்கிறது. ரப்பர் தோட்டத்தைப் பிரிக்கும்போது நமக்கு இது நினைவுக்கு வருகிறது. டப்பாவுக்கு மட்டும் “ஞாபகத்துக்கு வச்சிருக்கேன்” என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். ஞாபகம் உங்களுக்கு மட்டுமா? மகளுக்கு வாப்பாவின் ஞாபகம் இருக்காதா?

அறுபத்து நான்கு ரூபாய்க்காசுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா விட்டுச் சென்றது மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். கடனும் வஸிய்யத்தும் போக, மனைவிக்கு எட்டில் ஒன்று, 8 காசு. மீதி 56இல் மகனுக்கு 28, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 14. டப்பா பாட்டனாருடையது என்றால் கணக்கு இன்னும் ஒரு படி மேலே போகும். பாட்டனாரின் பெண்மக்களாகிய உங்கள் மாமிமாருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் வஃபாத்தாகியிருந்தால் அந்தப் பங்கு அவர்களுடைய வாரிசுகளுக்குப் போகும். ஐம்பது வருடம் ஆகிவிட்டது என்பதால் ஹக்கு கரைந்துபோகாது.

ஆனால் எண்ணிப் பிரித்தால் மட்டும் நீதி வந்துவிடுமா? இங்கேதான் பலர் தெரியாமல் தவறுகிறார்கள், சிலர் தெரிந்தே தவறுகிறார்கள்.

விக்டோரியா காலத்திலிருந்து 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஏறத்தாழ 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். எல்லாமே ஒரு ரூபாய்தான், ஆனால் மதிப்பு ஒன்றல்ல. லாத்தா கையில் 1945ஐ எண்ணி வைத்துவிட்டு 1905ஐ நீங்கள் எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை சரி, நிறுவை மோசடி.

அதற்கும் மேலே அரிய காசு என்று ஒன்று இருக்கிறது. 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று மக்களிடையே பேச்சு எழுந்து, 1912இல் அச்சை மாற்றினார்கள். அதனால் 1911 காசுக்குச் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். 1939 என்று பொறித்த ரூபாய் மிக மிக அரிது; அதனாலேயே அதில் போலியும் உண்டு. நம் திருவிதாங்கூர்க் காசில் 1116 என்று இருந்தால் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடப் பழமை என்று மயங்க வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1940–41. சக்கரம் 28 சேர்ந்தால்தான் ஒரு சர்க்கார் ரூபாய். பொடிக்காசு என்பதால் பலகையில் குழி போட்டு, அதில் பரப்பி எண்ணினார்கள். ஒரு விஷயம்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போனால் சேகரிப்பவரிடம் விலையும் போகும்.

விலை தெரிந்த பிறகு அதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. சந்தைக்கு வரும் வியாபாரிகளை ஊருக்கு வெளியே வழிமறித்து, அவர்கள் விலை அறியும் முன்பே சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், அந்த விற்பனையை முறிக்கும் உரிமையும் கொடுத்தார்கள். மார்த்தாண்டத்தில் விசாரித்துவிட்டு வந்து, “பழைய வெள்ளிதானே, எடைக்கு உள்ள காசைத் தாறேன்” என்று லாத்தாவின் பங்கை வாங்கும் தம்பி எந்த வழியில் நிற்கிறான்? ஒரு வாரிசு எல்லாக் காசையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கலாம், தடையில்லை. உண்மையான விலை எல்லோருக்கும் தெரிய வேண்டும், மனப்பூர்வமான சம்மதம் வேண்டும், பணத்தை அப்போதே கைக்குக் கை கொடுக்க வேண்டும். வாரிசுகளில் பருவமடையாத எத்தீம் பிள்ளை இருந்தால் இன்னும் பயப்படுங்கள். அந்தப் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொன்று. பழைய காசைக் கொடுத்துவிட்டு மகளுக்குக் கொலுசு மாற்றி வாங்கலாமா? வெள்ளிக்கு வெள்ளி என்றால் எடை சமமாகவும் உடனுக்குடனும் இருக்க வேண்டும். கூடுதல் குறைவு வட்டியாகும். கைபரிலிருந்து உயர்ந்த ரகப் பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்தவர், மட்ட ரகத்தை இரண்டு மடங்கு கொடுத்து அதை வாங்கியதாகச் சொன்னபோது, முதலில் மட்டத்தை விற்றுப் பணமாக்கிப் பிறகு நல்லதை வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கடையிலும் அப்படியே செய்யுங்கள். காசை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள், பிறகு கொலுசுக்கு விலை பேசுங்கள்.

ஜகாத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். அதை 595 கிராம் என்றும், ஹனஃபி ஆலிம்கள் 612 கிராம் என்றும் கணக்கிடுகிறார்கள். பிரித்த பிறகு ஒவ்வொருவரும் தம் பங்கை, தம்மிடம் இருக்கும் ரொக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிஸாபை எட்டி ஒரு வருடம் ஆனால் நாற்பதில் ஒன்று. அலங்காரத்துக்கு வைத்த காசு என்று சொல்லித் தப்ப முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் கலப்பைக் கழித்துச் சுத்த வெள்ளியை மட்டும் எண்ணுவார்கள். ஹனஃபியில் பாதிக்கு மேல் வெள்ளி என்றால் முழுவதும் வெள்ளிதான்.

மன்னர் தலை இருக்கிறதே என்று ஒருவர் கவலைப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் புழங்கிய திர்ஹம் பாரசீக மன்னர்களின் உருவம் பதித்தது. அந்தக் கவலையை விடுங்கள். வளைகுடாவில் இருக்கும் பேரனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பும் முன் மட்டும் யோசியுங்கள். நூறு வருடம் தாண்டிய காசை அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இன்று அஸருக்குப் பிறகு டப்பாவை உம்மாவின் முன் திறந்து கொட்டுங்கள். ஒவ்வொரு காசின் வருடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, விற்பதற்கு முன்பே லாத்தாவின் போனுக்கு அனுப்புங்கள். இரண்டு கடையில் விலை கேளுங்கள், லாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.