நல்ல பெயருக்குப் புள்ளி இல்லை

கதையை மையமாகக் கொண்ட வீடியோ கேம்களில் யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்று ஆடுபவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும். 2007-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. பெருந்தன்மையாக நடந்தால் நீலப் புள்ளி, முரட்டுத்தனமாக நடந்தால் சிவப்புப் புள்ளி. போதிய புள்ளி சேர்ந்தால்தான் சில பேச்சுகளுக்கு வழி திறக்கும். அதனால் பலரும் முதலிலேயே ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எதிரில் நிற்பவர் யார் என்று பார்க்கும் தேவையே இல்லாமல் போனது.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' அப்படிப் புள்ளி போடுவதில்லை. மகளாக வளர்த்த சிரியைத் தேடி அலையும் கதாநாயகன் கெரால்ட், வெலன் என்ற சதுப்பு நாட்டில் ஒரு பிரபுவைச் சந்திக்கிறான். காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துத் தந்தால் சிரியைப் பற்றிச் சொல்வதாக அந்தப் பிரபு பேரம் பேசுகிறான். தேடத் தேடத்தான் தெரிகிறது: குடிவெறியில் மனைவியை அடித்து வந்தவன் அவன், அவர்கள் ஓடிப்போனதே அவனிடமிருந்து தப்பிக்கத்தான். ஆனால் அடைக்கலம் தேடி வந்த சிரியைப் பரிவோடு பார்த்துக்கொண்டவனும் அவனே. அவனை மன்னிக்கவும் மனம் வரவில்லை, வெறுத்து ஒதுக்கவும் முடியவில்லை.

வேறோர் இடத்தில், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி கெஞ்சுகிறது: என்னை விடுவித்தால் அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவேன். விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு கிராமமே அழிகிறது, பிரபுவின் மனைவி சாகிறாள், அவன் தூக்கில் தொங்குகிறான். ஆவியைக் கொன்றால் குழந்தைகளைக் காணோம். சித்தம் கலங்கிய மனைவியை அழைத்துக்கொண்டு அவன் வைத்தியம் தேடிப் புறப்படுகிறான். இவ்வளவும் தெரிய வருவது வெகுநேரம் ஆடிய பிறகுதான். ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்த ஓர் இடத்துக்குத் திரும்பித் திருத்தலாம் என்றால், அதற்குள் நெடுந்தூரம் வந்திருப்போம்.

நாமும் அன்றாடம் நீலப் புள்ளி சேர்க்கிறோம். அடி தாங்காமல் தாய்வீடு வந்த பெண்ணிடம், "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பெரியவருக்குக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தவர் என்ற பெயர் கிடைக்கிறது. அன்று இரவு அடி வாங்கப்போவது அந்தப் பெண்.

இன்று பிறர் வாழ்க்கைக்கு ஒரு முடிவு சொல்லும் இடத்தில் நீங்கள் நின்றால், உங்களுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று பார்க்காதீர்கள். அதன் விளைவு யார் தலையில் விழும் என்று விசாரித்துவிட்டு வாயைத் திறங்கள்.