உருவமும் உரிமையும்

பாரசீகத்தை 1797 முதல் 1834 வரை ஆண்ட கஜார் மரபினரான ஃபத் அலி ஷா, மிர்சா பாபா, மிஹர் அலி முதலிய அரசவை ஓவியர்களைக் கொண்டு, தம் உருவை ஆளுயரத் துணித்திரைகளில் எண்ணெய் வண்ணத்தால் மீண்டும் மீண்டும் தீட்டச் செய்தார். இடைவரை நீண்ட கருந்தாடி, ஒடுங்கிய இடை, மணிகள் பதித்த முடி, முத்தும் மரகதமும் அடர்ந்த தோள்வளைகள் எனத் திரைதோறும் அதே கூறுகள் திரும்ப வருவதால், அவை ஒரு மனிதரின் சாயலைக் காட்டிலும் அரசு என்னும் நிலையையே முன்னிறுத்துகின்றன. இசுலாத்துக்கு முந்தைய சாசானியப் பேரரசர்கள் தம் வெற்றிகளைப் பாறை முகத்தில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்குவித்த வழக்கத்தையும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் இவரே புதுப்பித்தார்.

இவ்வோவியங்களுள் சில நெப்போலியன் உள்ளிட்ட அயல்நாட்டு ஆட்சியாளருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, மன்னர் செல்லாத அவைகளில் அவரது பெருமையைப் பறைசாற்றின. ஆயினும், 1813இன் குலிஸ்தான் உடன்படிக்கையாலும் 1828இன் துருக்மன்சாய் உடன்படிக்கையாலும் காக்கசஸ் நிலங்கள் ருசியாவின் வசமாவதை அந்தப் பொலிவால் தடுக்க இயலவில்லை. ஒரு மரபை மீட்டெடுப்போர் பழமையின் பெருமையை எளிதில் சூடிக்கொள்ளலாம். அப்பெருமையை ஈட்டித் தந்த வலிமையையோ ஒவ்வொரு தலைமுறையும் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.