உதிர்வும் நோயும்

பசுமை மாறா மரம் என்று பெயரிட்டுவிட்டதனாலேயே அதன் இலை உதிர்வதில்லை என எண்ணிவிடுகிறோம். மாசியில் வேம்பு சருகாய்க் கொட்டும்போது அஞ்சாதவர், சவுக்கின் ஊசிகள் பழுத்து விழக் கண்டால் நோய் என்று பதறுகின்றனர். அம்மரத்திலும் பழையன உதிரவே செய்கின்றன. எல்லாம் ஒரே காலத்தில் உதிராமையால் மரம் என்றும் பசுமையாய்த் தோன்றுகிறது. தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒரு பொருளில் ஒருங்கே உள்ளன என்று நம் ஆசாரியர்கள் கூறியதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

திருநீர்மலையில் எங்கள் இல்லத்தின் பின்புறம் இரண்டு சவுக்கு மரங்கள் நின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் புறநகரிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தபோது அவை தப்பின. அடுத்த கோடையில் ஊசிகள் மஞ்சளித்து மொட்டைமாடி முழுதும் கொட்டின. மழைநீர்க் குழாய் அடைபடுகிறது, மரமும் பட்டுவருகிறது, வெட்டிவிடலாம் என்றனர் வீட்டார். நான் இசையவில்லை.

ஊசி எனப்படுவது மெய்யாகவே இலையன்று. கணுக்களுடைய மெல்லிய சிறுகிளை. ஒவ்வொரு கணுவிலும் பற்களைப்போல் வளையமாய் நிற்கும் நுண்செதில்களே இலைகள். ஒரு கணுவைப் பிரித்து மீண்டும் பொருத்தி, எது பிரிந்தது என்று கண்டுபிடிக்கும்படி வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பேன். அப்பழக்கத்தால் கிளையை வளைத்துப் பார்த்தேன். உட்புறத்து முதிர்ந்தவையே பழுத்திருந்தன. நுனிகள் பசுமையாய் இருந்தன. நீர் குறைந்தால் மரம் தன் சுமையைக் குறைத்துக்கொள்ளும். வேரடியில் சருகைப் பரப்பி நீர் வார்த்தோம், தேறின. எனக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மரத்தில் மீண்டும் மஞ்சள் கண்டது. இயல்பான உதிர்வுதான் என்று கூறிவிட்டேன். இம்முறை கிளையை வளைத்துப் பார்க்கவில்லை. நுனியிலிருந்தே காய்ந்து வருவதைப் பேரன் காட்டியபோது, பட்டையில் கொப்புளங்கள் வெடித்து, உள்ளே கரிப்பொடி போன்ற பூஞ்சை வித்துக்கள் நிறைந்திருந்தன. சவுக்குத் தோப்புகளை வாட்டும் கொப்புள நோய் அது. அந்நிலை எய்திய மரம் மீள்வதில்லை. அதனை வெட்டி எரித்தோம். அடுத்த மரத்தின் வேரைத் தொடாதபடி இடையே பள்ளமும் தோண்டினோம்.

ஓரறிவுயிர்தானே என்பார் உண்டு. அன்று பட்டைக்குள்ளும் வேரடியிலும் எத்தனை எறும்பும் கறையானும் மாண்டன என்று யார் எண்ணினார்? கொலை என்பதை நான் இத்தனை காலமும் வெட்டுபவன் கையில் மட்டுமே வைத்துப் பார்த்திருந்தேன். தத்துவார்த்த சூத்திரமோ, ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் கவனமின்மையை முன்வைக்கிறது. வெட்டலாம் என்ற வீட்டாரின் அவசரமும், பாராமலே இயல்பு என்ற என் உறுதியும் அவ்விலக்கணத்துள் ஒன்றாகவே அடங்கும். முன்னரே கண்டிருந்தாலும் மரம் பிழைத்திருக்கும் என்று உறுதி கூற இயலாதுதான். ஆயினும் அந்த வாதத்தை எனக்குத் துணையாகக் கொள்ள மனம் ஒப்பவில்லை.

ஒரு மரத்தைக் காக்க மற்றொன்றை எரித்தது அறமா என்று பேரன் கேட்டான். தவிர்க்க இயலாத ஹிம்சை இல்லறத்தார்க்கு உண்டு என நூல்கள் சிறிது இடந்தருகின்றன, அவ்விடத்தை நாமாக அகலமாக்கிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் கூறினேன்.

எஞ்சிய மரம் இன்றும் ஊசிகளைக் கொட்டுகிறது. காலையில் பெருக்குமுன் நான்கைந்து கிளைகளைப் பற்றி நுனியைப் பார்க்கிறேன். என் கண் மங்கிவிட்டதால் பேரனும் உடன் நிற்கிறான்.