மான் வேட்டையில் மகிழ்ச்சி எது?

வாசகரே, நவம்பர் 3ஆம் நாள் வேட்டைக்காரரின் பாதுகாவலரான புனித ஹியூபேட்டின் திருநாள். பெரிய வெள்ளியன்று அவர் துரத்திச் சென்ற கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவை தோன்றியதென்பது மரபு. துரத்தியவர் அவ்விடத்திலேயே நின்றுவிட்டார். பின்னர் லியேஜ் நகர ஆயராகி 727இல் மரித்தார்.

இன்றைய அமெரிக்க மான் வேட்டைக்காரர் நிற்பாரா? மரத்திற் கட்டிய கமரா மானின் படத்தை அவருடைய கைத்தொலைபேசிக்கே அனுப்புகின்றது. விடியற்காலையிற் பரண்மீதிருந்தும் பனியையோ பறவையையோ அவர் காண்பதில்லை, கணக்கையே பார்த்திருக்கிறார். அரிசோனா மாநிலம் 2022 முதல் வேட்டைக்கு இக்கமராக்களைத் தடைசெய்துவிட்டது. நல்லதே என்பேன்.

ஆயினும், 'திட்டமெல்லாம் எதற்கு, காட்டை அனுபவித்தாற் போதாதா?' என்பாரையும் நான் ஏற்கமாட்டேன். தூரமறியாது விளையாட்டாகச் சுட்டவனின் குண்டு வயிற்றிற் பட்டால், அந்த மான் பற்றைக்குள் மணிக்கணக்காய்க் கிடந்து சாகும். அவனுடைய மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது யார்? ஆகவே, குறிபார்த்துப் பழகுவதும், காற்றின் திசையறிந்து நடப்பதும், ஐயமிருப்பின் துவக்கைத் தாழ்த்துவதும் மானுக்குச் செலுத்தவேண்டிய கடன். கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து அயலவனை வெல்லத் தீட்டும் திட்டமோ வெறும் அகந்தை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், அதுதான் சிக்கல்.

வெறுங்கையோடு திரும்பியவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காலையிற் கண்ட நரியைப் பற்றிச் சொல்கிறாரா, கெட்டுப்போன திட்டத்தைப் பற்றியா?

ஜெர்மானிய வேட்டைக்காரரிடையே ஒரு வழக்கமுண்டு. வீழ்ந்த மானின் வாயில் பசுங்கிளையொன்றை வைத்துச் சற்றுநேரம் மௌனமாக நிற்பர். 'கடைசிக் கவளம்' என்று அதற்குப் பெயர்.