விவிலியத் தீர்ப்புரைகளில் வேட்டைப் படிமம்

முன்னுரை

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இறைவன் மேய்ப்பர், தந்தை, அரசர், நடுவர் எனப் பல நிலைகளில் உருவகிக்கப்படுகிறார். இறைவாக்கினரின் எச்சரிக்கைகளிலோ அவர் வேட்டுவராகவும் தோன்றுகிறார். நடுவர் வழக்கை ஆராய்ந்து தீர்ப்பளிப்பவர்; வேட்டுவர் இரையின் குற்றம், குற்றமின்மை பற்றி எண்ணுவதில்லை. அவ்வாறாயின் அறத்தின் தீர்ப்பை உணர்த்த வேட்டை எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

தப்ப இயலாமையும் காரணமும்

எரேமியா 16:16, மீனவர் பலரும் அவர்க்குப்பின் வேடர் பலரும் அனுப்பப்பட்டு, மலை, குன்று, பாறைப்பிளவு என எங்கும் மக்களைத் தேடிப் பிடிப்பர் என்கிறது. ஏசாயா 24:17 அச்சம், குழி, கண்ணி ஆகிய மூன்றை அடுக்குகிறது. எபிரேய மூலத்தில் இவை ஒத்த ஒலியில் தொடங்கும் சொற்கள். ஒன்றினின்று தப்புவோர் மற்றொன்றில் அகப்படுவர் என்பதை அவ்வொலியே உணர்த்துகிறது. தமிழாக்கத்தில் பொருள் நிற்கிறது, ஒலியொப்புமை மறைகிறது. ஆமோஸ் 3:5, கண்ணியின்றிப் பறவை அகப்படாது என்னும் உலகியல் உண்மையைக் காட்டி, நேரும் அழிவிற்குக் காரணம் உண்டு என்கிறது. எனவே தப்ப இயலாமை, காரணமுடைமை ஆகிய இரண்டும் இப்படிமத்தின் அடிப்படைப் பொருள்கள் எனலாம்.

வேட்டுவரே இரையாதல்

வேட்டையைத் தொடங்கியவர் யார் என்பது நோக்கத்தக்கது. எரேமியா 5:26, மக்களுள் தீயோர் பறவை பிடிப்பார்போலப் பதுங்கி மனிதரைப் பிடிப்பதாகச் சாடுகிறது. மீகா 7:2, அவரவர் தம் சகோதரரையே வலைகொண்டு வேட்டையாடுவதாக வருந்துகிறது. குழி வெட்டியவனே அதில் வீழ்வான் என்பது சங்கீதம் 7:15 தரும் கருத்து. ஆகவே தீர்ப்பு என்பது எளியோரை வேட்டையாடியோர் இரையாகும் நிலைமாற்றமே ஆகும்.

பண்டைய மெசொப்பொத்தேமியச் சான்றுகள் இதனைத் தெளிவாக்கும். கி.மு. 3ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ‘கழுகுகளின் நடுகல்’லில் நிங்கிர்சு என்னும் தெய்வம் பகைவரை வலையில் அடைத்து நிற்கிறது. அங்கு வலை பகைநாட்டார்க்கு உரியது. எசேக்கியேல் 12:13இலோ, இறைவன் தம் மக்களின் தலைவன்மீதே வலையை விரிக்கிறார். அத்தலைவன் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டும் அந்நாட்டைக் காணமாட்டான் என்கிறது அவ்வுரை. எருசலேம் வீழ்ந்தபோது (கி.மு. 587 அல்லது 586) சிதேக்கியா அரசன் கண்கள் பறிக்கப்பட்டுச் சிறைசென்றதை இது சுட்டும். வெற்றிச் சின்னமாக இருந்த வலை ஈண்டுத் தன்னாய்வுக்குரிய சின்னமாகிறது.

எஞ்சும் வினா

ஆயினும் வலை தீயோரை மட்டும் தெரிந்து பிடிப்பதன்று. சிதேக்கியாவின் புதல்வர்கள் அவன் கண்முன்னே கொல்லப்பட்டனர். நகரின் குழந்தைகள் பசியால் மடிந்ததைப் புலம்பல் நூல் கூறுகிறது. மனிதரை மீன்களைப்போல் வாரிக்கொள்ளும் பாபிலோனியர் தம் வலைக்கே பலியிடுகின்றனரே, இது முறையோ என ஆபகூக் (1:14-17) இறைவனிடமே வழக்குரைக்கிறார். புலம்பல் 3:52இன் குரலோ, பகைவர் தன்னைக் காரணமின்றிப் பறவைபோல் வேட்டையாடியதாகக் கதறுகிறது. காரணமுண்டு என ஆமோஸ் பறவையைக் கொண்டு நிறுவியதை, அதே பறவையைக் கொண்டே இக்குரல் மறுக்கிறது.

முடிவுரை

வேட்டைப் படிமம் ஒடுக்குவோரை நோக்கிக் கூறப்படும்போது அறமாகிறது. துன்புறுவோர்மீது விளக்கமாகச் சுமத்தப்படும்போது கொடுமையாகிறது. எச்சரிக்கையையும் இரையின் மறுப்பையும் விவிலியம் ஒருங்கே பேணியுள்ளது. பிறர் துன்பத்தை இறைத்தீர்ப்பு என எளிதிற் கூறுவோர் இவ்விரண்டாம் குரலையும் கேட்டல் வேண்டும்.