வினை என்று சொல்ல யாருக்கு உரிமை?

"ஏனுங்கக்கா, நான் என்ன பாவம் பண்ணுனன்?" திருச்செங்கோட்டுப் பக்கம் காசநோயாளிகளுக்கு வீடு தேடிப்போய் மாத்திரை கொடுத்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். விசைத்தறி ஓட்டிய ஒரு பெண், ரிஃபாம்பிசின் சாப்பிட்ட முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் ரத்தம் என்று நினைத்து நடுங்கிப் போயிருந்தாள். மருந்தின் நிறம்தான் என்றதும் அந்தப் பயம் தெளிந்தது. அவள் தட்டும் டம்ளரும் மட்டும் திண்ணையிலேயே தனியாகக் கிடந்தன. "போன ஜென்மத்துப் பாவம்" என்று மாமியார் அவள் காதுபடவே சொன்னார்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். வினையை நம்புகிறவள். ஆனால் இதே திருச்செங்கோட்டில், அன்றைய கொடிமாடச் செங்குன்றூரில், அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். பழைய வினையின் பலன் இது என்று சொல்லிக்கொண்டு பிழைக்கும் வழி தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்டுத்தான் அது தொடங்குகிறது. வினையை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக்கிச் சும்மா இருப்பதைத்தான் கடிந்தார். அவர் பாடியபின் சுரம் விலகியது என்கிறது பெரியபுராணம்.

காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே காட்டிவிட்டார். அது இருமலோடு காற்றில் பரவுகிறது; தட்டிலும் டம்ளரிலும் அல்ல. உடம்பில் கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். அந்த ஒருவர் பெரும்பாலும் அரைவயிறு சாப்பிடுகிறவராக, காற்றோட்டமில்லாத அறையில் நெருக்கியடித்துப் படுக்கிறவராக இருக்கிறார். பாவம் என்று ஒன்றைத் தேடியே தீரவேண்டும் என்றால் ஜன்னல் இல்லாத தறிக்குடோனில் தேடலாம்.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வை அந்த மாமியாரிடம் எனக்குத் தெரிந்த கொங்குப் பேச்சில் விளக்கினேன். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு இருந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேறினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டு உள்ளே போகப் பல நாளானது.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் இறந்தவர்கள் உண்டு. அந்த வீட்டுத் தாய் "அவன் விதி" என்று அழுதால் நான் மறுத்ததில்லை. அது அவள் துக்கத்துக்கு அவளே தேடிக்கொண்ட சொல். அதையே பக்கத்து வீட்டார் சொன்னபோது, இழவு வீடு என்றும் பாராமல் எதிர்த்துப் பேசியிருக்கிறேன்.